நீலகிரி என்று சொல்லி ஆல்ப்ஸை விற்றுவிட்டார்கள்

ட்ரெய்ன்ஸ் சிமுலேட்டர் என்ற ரயில் விளையாட்டில் மேட்டுப்பாளையம் - குன்னூர் மலைப்பாதையை ஒரு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். தண்டவாளம், நடுவில் இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் பல்சட்டம், கல்லார் ஸ்டேஷன் எல்லாம் முடிந்தது. பாக்கி, பின்னால் நிற்கும் மலை. அதையும் மேடாக எழுப்பினால் என் கம்ப்யூட்டர் தாங்காது. தூரத்து மலையைப் படமாக நிறுத்துவதுதான் வழக்கம். அந்தப் படத்தை வாங்கப் போய்த்தான் ஏமாந்தேன்.

"நீலகிரி பேக்டிராப், 8 படம், 360 டிகிரி, வானம் வெட்டியது" என்று விளம்பரம். அதாவது மலை மட்டும் இருக்கும், வானம் இருந்த இடம் ஒளிபுகும். விலை 1,800 ரூபாய். காட்டிய மாதிரி ஸ்டாம்ப் சைஸ். புத்தி வேண்டாமா? பணத்தை அனுப்பிவிட்டேன்.

வந்ததெல்லாம் ஜேபெக். அதில் ஒளிபுகும் பகுதியே வைக்க முடியாது, பிறகு எங்கே வானத்தை வெட்டுவது? மலைக்குப் பின்னால் வெள்ளைப் பலகைதான் நின்றது. சரி, ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் நானே வெட்டிக்கொள்கிறேன் என்று பெரிதாக்கினால் அத்தனையும் ஊசியிலை மரம். கல்லாரில் பாக்குத் தோப்பும் காடும் அல்லவா இருக்கும்? மூன்றாவது படத்தின் ஓரத்தில் மேலே மின்கம்பியோடு ஒரு ரயில் பாதை! கல்லாருக்கு மேலே நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறுகிற தடம் நம்முடையது. உச்சிப் பனிக்குப் பச்சை அடித்திருந்தார்கள், ஒரு மூலையை மட்டும் மறந்துவிட்டார்கள். ஆல்ப்ஸேதான்!

இடது ஓரமும் வலது ஓரமும் சேருமிடத்தில் மலை படிக்கட்டாக உடைகிறது. ஒரு படத்தில் வெயில் இடமிருந்து, அடுத்ததில் வலமிருந்து.

விற்றவரிடம் கேட்டதற்கு, "டிஜிட்டல் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது ப்ரோ. மலைன்னா மலைதானே?" என்றார். அத்தோடு பிளாக்.

வாங்கியே ஆக வேண்டுமென்றால் இரண்டு ஓரங்களையும் ஒட்டிவைத்து ஒரு ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். ஒளிபுகும் பகுதி வைக்கக்கூடிய பிஎன்ஜி வடிவில், வானம் வெட்டிய படம் ஒன்றையாவது முழு அளவில் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

நான் கடைசியில் காலை வெயில் சரிவில் விழும் நேரமாகப் பார்த்துக் கல்லாருக்கே போனேன். படத்துக்குப் படம் வெளிச்சம் மாறாதபடி எக்ஸ்போஷரைப் பூட்டி, போனை நிமிர்த்திப் பிடித்து, ஒவ்வொரு படமும் முந்தையதன் மேல் மூன்றில் ஒரு பங்கு ஏறும்படி எடுத்து, ஹகினில் ஒட்டினேன். படங்களைச் சேர்த்து ஒட்டும் இலவச மென்பொருள்தான். ஒரு மேகம் இன்னும் இரண்டாகத் தெரிகிறது.

அதே 8 படங்கள் இப்போது "கொடைக்கானல் பேக்டிராப்" என்ற பெயரில் 2,200 ரூபாய்க்கு வந்திருக்கின்றன. மூன்றாவது படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ரயிலே ஏறாத ஊருக்கு மின்கம்பி போட்டிருக்கிறார்கள்.