பச்சைப் பாம்பு வாங்குகிறீர்களா? "எங்களிடமே பொரித்தது" என்றால் நம்பாதீர்கள்

டெக்சஸில் ஊர்வன கண்காட்சிக்குப் போகிறவர்கள் யாராவது ரஃப் கிரீன் ஸ்நேக் என்னும் அமெரிக்கப் பச்சைப் பாம்பை வாங்கும் யோசனையில் இருந்தால், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எலிக்குஞ்சு வேண்டாம், கிரிக்கெட் பூச்சி, வெட்டுக்கிளி, சிலந்தி, ரோமமில்லாத புழு போதும் என்பதால்தான் பலரும் இதைத் தேடுகிறார்கள், நானும் அதற்காகத்தான் போனேன். (நம் ஊர் கண்கொத்திப் பாம்பு வேறு. அது பல்லி, தவளை தின்னும், அதை வீட்டில் வைப்பதும் சட்டப்படி குற்றம்.)

காட்டில் பிடித்ததா, வளர்ப்பில் பிறந்ததா என்று விற்றவரிடம் நேராகவே கேட்டேன். "எங்களிடமே முட்டை பொரித்தது, டப்பாவில் வரும் காய்ந்த கிரிக்கெட்டே போதும்" என்று கூசாமல் சொன்னார். இரண்டுமே பொய். இது கண்ணால் பார்த்து வேட்டையாடும் பாம்பு, அசையாத பூச்சியைப் பெரும்பாலும் சீண்டவே சீண்டாது. நம்பி வாங்கி வந்து வீட்டில் நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது, கழுத்தோரம் தோல் மடிப்பு மடிப்பாக இருக்கிறது, கண்ணாடியில் உரசி உரசி மூக்கு நுனியெல்லாம் புண். மருத்துவர் மலத்தைப் பரிசோதித்துவிட்டு, குடலில் புழு, உடம்பில் நீர்ச்சத்தே இல்லை, காட்டில் பிடித்ததாகத்தான் இருக்கும் என்றார். மருந்து கொடுத்தும் பிழைக்கவில்லை. செத்தபின் இவற்றின் மஞ்சள் நிறமி மங்கி உடம்பே நீலமாகிவிடும், தெரிந்த விஷயம்தான், ஆனாலும் பார்க்க முடியவில்லை. விற்றவரைக் கூப்பிட்டால் "உயிருள்ளதைத் திருப்பி எடுப்பதில்லை" என்ற ஒரே பதில், அப்புறம் போனையே எடுக்கவில்லை.

கடைக்கு வரும் இந்தப் பாம்புகளில் பெரும்பாலானவை காட்டில் பிடித்தவைதான். வளர்ந்த பாம்பு, இரண்டு இரண்டரை அடி நீளம், விலையும் மலிவு என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள். உயிருள்ள கிரிக்கெட்டைப் போட்டு உங்கள் கண்முன் தின்னச் சொல்லுங்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள். பெட்டியில் வெறும் தண்ணீர்க் கிண்ணம் மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள், இவை இலையில் நிற்கும் துளிகளை நக்கித்தான் அதிகம் குடிக்கும், தண்ணீர் தெளிக்காத கடையில் தாகத்தோடு கிடக்கும்.

பூச்சிதான் வேண்டும் என்றில்லாமல் மண்புழு போதும் என்றால், கார்ட்டர் பாம்பு என்று இன்னொரு அமெரிக்கப் பாம்பு உண்டு, வளர்ப்பில் பிறந்ததே எளிதாகக் கிடைக்கும். ஆனால் அதே கடையில் அதற்குத் தீனி என்று உரக்குழியில் விடும் சிவப்புப் புழுவை விற்கிறார்கள். அது கார்ட்டர் பாம்புக்கு ஆகாது, நஞ்சு. தூண்டில் கடையில் கிடைக்கும் நைட்கிராலர் என்னும் பெரிய மண்புழுவை வாங்கி நறுக்கிப் போடுங்கள்.