95 சதவீதம், ஆனால் யாருக்கு?

இந்த முறை ஊருக்குப் போனதில் பாதிப் பொழுது ஆஸ்பத்திரி வராந்தாக்களில்தான் கழிந்தது. அக்கா மகனுக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய். 9 வயதாகிறது, கைக்குழந்தையிலிருந்தே ரத்தம் ஏற்றி வருகிறார்கள். கொடையாளர் பொருத்தத்தைத் தீர்மானிக்கும் எச்எல்ஏ என்ற செல் அடையாளம் அவன் தங்கையோடு முழுவதும் பொருந்துகிறது என்று ரிப்போர்ட் வந்ததிலிருந்து, எலும்பு மஜ்ஜை மாற்றை எங்கே வைத்துக்கொள்வது என்பதே வீட்டில் பேச்சு. அமெரிக்காவில் இருப்பவன் என்பதால் விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அங்கே 2005-இல் வந்த சட்டப்படி, எலும்பு மஜ்ஜை மாற்று உள்ளிட்ட ஸ்டெம் செல் மாற்று செய்யும் மையங்களின் கணக்கு வருடாவருடம் பொதுமக்கள் பார்வைக்கு வருகிறது. சிஐபிஎம்டிஆர் என்ற அமைப்பு அதைத் தயாரிக்கிறது. வேறொருவரின் செல்லை முதன்முறையாகப் பெற்றவர்களில் எத்தனை பேர் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். வயது, நோய், கொடையாளர் பொருத்தம் எல்லாவற்றையும் வைத்து, இப்படிப்பட்ட நோயாளிகளிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதோடு அதை ஒப்பிடுவார்கள். பெரும்பாலான மையங்கள் எதிர்பார்த்த அளவிலேயே நிற்கும். நம் ஊரில் வாய்விட்டுக் கேட்டால்தான் உண்டு.

சென்னையில் முதலில் போனது ஒரு தனியார் மருத்துவமனை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தனி கவுன்ட்டர், பழச்சாறு, வழவழ காகிதத்தில் புத்தகம். “95 பர்சன்ட் சக்சஸ் சார்” என்றார் ஒருங்கிணைப்பாளர். எதில் 95 என்று கேட்டதும் பக்கம் புரட்டத் தொடங்கினார். மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் உள்ளவருக்கு அவருடைய சொந்த செல்லையே எடுத்துத் திருப்பி ஏற்றுவதும் அதே கணக்கில் கிடந்தது. அதில் ஆபத்து மிகக் குறைவு, தலசீமியா பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதுவும் 100-ஆவது நாளோடு நின்ற கணக்கு. வீட்டுக்குப் போன பிறகு தொற்றோ, கொடையாளரின் செல் உடம்பையே தாக்கும் ஜிவிஹெச்டியோ வந்து ஏதாவது ஆனால் அதில் ஏறாது. டாக்டரைப் பார்க்கும் முன்பே பேக்கேஜ் தாள் கைக்கு வந்துவிட்டது. அத்தானுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. ஏசி நன்றாக இருந்தது என்பது உண்மைதான்.

அடுத்த இடத்தில் கூட்டம், மதியம் வரை காத்திருப்பு, உட்கார நாற்காலிகூட இல்லை. ஆனால் அங்கிருந்த டாக்டர் முதலில் பையனின் வயிற்றைத் தொட்டுக் கல்லீரலை அளந்தார். பிறகுதான் சதவீதத்தைப் பற்றிப் பேசினார். கல்லீரல் வீக்கம், கல்லீரலில் தழும்பு, ரத்தம் ஏற்றுவதால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றும் மருந்தைச் சரியாக எடுக்காதது, இந்த மூன்றும் இல்லாவிட்டால் ஆபத்து குறைவான முதல் வகுப்பு, மூன்றும் இருந்தால் ஆபத்து அதிகமான மூன்றாம் வகுப்பு. இது இத்தாலியின் பெசாரோவில் வந்த பிரிவு. 1986-லிருந்து மாற்று செய்துவரும் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள், மூன்றாம் வகுப்புக்குள்ளேயே 7 வயதைத் தொட்ட, கல்லீரல் 5 செ.மீ. அல்லது அதற்கு மேல் வீங்கிய பிள்ளைகளைத் தனியாகப் பிரித்தார்கள். அவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். எங்கள் பையன் அந்தப் பக்கம்தான் வருவான் போலிருந்தது.

“இந்த மாதிரிப் பிள்ளைகளை எடுக்காத இடத்துல நம்பர் நல்லாத்தான் இருக்கும்” என்றார் டாக்டர். வகுப்புவாரியாக ஒரு தாளையும் காட்டினார். உயிரோடு இருப்பவர்கள் ஒரு பத்தி, தலசீமியா இல்லாமல் உயிரோடு இருப்பவர்கள் இன்னொரு பத்தி. ஏற்றிய செல்லை உடம்பு தள்ளிவிட்டால் பிள்ளை பிழைத்தாலும் மறுபடி ரத்தம் ஏற்றுவதற்கே திரும்ப வேண்டியதுதான், அதனால் எனக்கு இரண்டாவது பத்திதான் முக்கியமாகப் பட்டது. சில வரிகளில் பத்துப் பேர்தான். ஒரே பிள்ளையின் முடிவு மாறினால் 90 சதவீதம் 80 ஆகிவிடும். அதை அவரே சொன்னார்.

வெளியூர் போய்த் தொடர்பு விட்டுப்போனவர்களை என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். கடைசியாகப் பார்த்த தேதியோடு கணக்கை நிறுத்திவிடுவார்களாம். சரியான முறைதான், ஆனால் அப்படி நிறுத்தியவர்கள் நிறைய இருந்தால் அந்த எண்ணைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம்.

மாற்றுக்கு உடனே தேதி கிடைக்கவில்லை. சில மாதம் இரும்பை வெளியேற்றும் மாத்திரையை ஒழுங்காக எடுத்து, கல்லீரலை மறுபடி பார்த்த பிறகு வரச் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு அதில் வருத்தம்தான், அத்தானோ இன்னும் அந்த வழவழ புத்தகத்தைத் தூக்கிப் போடவில்லை.