ஆஃப் சீசன் கன்னியாகுமரி: போனில் ரூம் போடுபவர்கள் கவனத்துக்கு

ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரியில் ரூம் தேடிக்கொண்டிருப்பவர்கள், யாருக்காவது பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஜூன் இரண்டாம் வாரம் அம்மாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போய், இரண்டே நாளில் ஏழாயிரத்துச் சொச்சம் தண்டம் அழுதுவிட்டு வந்திருக்கிறேன்.

கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தில் அந்த ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. கூட்டம் இல்லாத மாதமாகப் பார்த்துப் போகலாம் என்றது நான்தான். மனைவி குற்றாலம் போகலாம் என்றாள். குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிற அதே தென்மேற்குக் காற்றுதான் குமரியில் கடலைக் கிளப்பிவிட்டுப் படகை நிறுத்துகிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

விளம்பரத்தில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். நல்ல மரியாதையான குரல். சீசனில் 4,500 ரூபாய் போகிற ரூம், இப்போது 1,800. கடல் பார்த்த பால்கனி. சூரிய உதயம், அஸ்தமனம் இரண்டையும் கட்டிலில் படுத்தபடியே பார்க்கலாமாம். படகு ஓடுமா என்று கேட்டதற்கு, "நின்னாலும் கவலையில்லை சார், அதான் கண்ணாடிப் பாலம் போட்டாச்சே. நடந்தே போயிட்டு வந்துடலாம்" என்றார்.

இதை நம்பினேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. 2024 டிசம்பர் 30 அன்று அந்தப் பாலத்தைத் திறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். நீளம் 77 மீட்டர், அகலம் 10 மீட்டர் என்பதுகூட நினைவில் இருந்தது. எங்கிருந்து எங்கே போகிறது என்பதைத்தான் யோசிக்கவில்லை. ஆஃப் சீசன் ரேட் என்பதால் முழுப் பணமும் முன்னாலேயே வேண்டும் என்றார். இரண்டு நாளைக்கு 3,600 ரூபாய் அனுப்பினேன். திரையில் வந்தது ஓட்டல் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ரயிலை விட்டு இறங்கிப் போனால், ஓட்டல் வரவேற்பறையில் பெயின்ட் டப்பாக்கள். ஒரு பையன் மட்டும் உட்கார்ந்திருந்தான். "இங்க வேலை நடக்குது சார், உங்களுக்குப் பின்னாடி பில்டிங்ல கொடுக்கச் சொன்னாங்க" என்று இரண்டு தெரு தள்ளி ஒரு லாட்ஜுக்கு அழைத்துப் போனான். மூன்றாவது மாடி. லிஃப்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு முட்டி வலி. ஒவ்வொரு படியாகக் கையைப் பிடித்து ஏற்றினோம். வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறை போல. கதவைத் திறந்ததும் பூசண வாடை. மெத்தை உப்புக் காற்றில் நமுத்துப் போயிருந்தது. பால்கனி இருந்தது. எதிரே அடுத்த கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. கடல் எங்கே என்று கேட்டால், "மொட்டை மாடிக்குப் போனா தெரியும் சார்" என்கிறான். காலை எட்டு மணிக்கு மேல் குழாயில் தண்ணீர் இல்லை. இரண்டு ரூமுக்காக மோட்டார் போட முடியாதாம்.

போன்காரரைப் பிடித்தேன். "நான் புக்கிங் மட்டும்தான் சார், லாட்ஜ்ல கேளுங்க." லாட்ஜ் மேலாளரைக் கேட்டேன். அவர் பதற்றமே இல்லாமல் நோட்டைத் திருப்பிக் காட்டினார். எங்கள் பெயருக்கு நேரே 1,400 என்று எழுதியிருந்தது. இரண்டு நாளைக்கும் சேர்த்து! நேராக வந்து கேட்டிருந்தால் எனக்கும் நாளுக்கு 700 ரூபாய்தான். சீசனில் புரோக்கர் கமிஷன் நூறு பேர் தலையில் பிரிந்து விழும். ஆஃப் சீசனில் அகப்படுகிற ஒருவன் தலையில் மொத்தமாக இறங்குகிறது.

சரி, பாறைக்காவது போவோம் என்று கிளம்பினோம். கடல் சீற்றம், படகு இல்லை என்று பலகை வைத்திருந்தார்கள். நான் விடவில்லை. சுண்டல் விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் பாலத்துக்கு எந்தப் பக்கமாக நடக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "பாலம் ரெண்டு பாறைக்கும் நடுவுலல்லா கெடக்கு மக்கா. படகு விட்டாத்தான பாலம்?" விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைப் பாறைக்கும் இடையில் கடலுக்குள் நிற்கிற பாலத்துக்குக் கரையிலிருந்து வழி கேட்டவன் நானாகத்தான் இருப்பேன். மனைவி அன்று முழுக்கச் சிரித்தாள். 133 அடி வள்ளுவரைக் கரையிலிருந்தே அம்மா கும்பிட்டுக்கொண்டார்.

அஸ்தமனமும் பொய்தான். ஜூனில் சூரியன் வடமேற்கே விலகி நிலத்துப் பக்கம்தான் இறங்குகிறது. கடலுக்குள் மறைவதைப் பார்க்க வேண்டுமென்றால் மார்கழி, தை மாதிரியான மாதங்களில் போக வேண்டும். உதயத்தையும் இரண்டு நாளும் மேகம் மூடிக்கொண்டது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

இரவு ஒரு கடையில் "இன்னைக்குப் பிடிச்ச நெய்மீன்" என்று சொல்லித் துண்டு 450 ரூபாய்க்குப் போட்டார்கள். ரப்பர் மாதிரி இழுத்தது. கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுத் தடை. மேற்குப் பக்கம் ஜூன் 1-லிருந்து ஜூலை 31 வரை. குமரி மாவட்டத்துக்கு இரண்டு கரையும் உண்டு. நாங்கள் போனது இரண்டு தடையும் சேர்ந்து விழுகிற வாரம். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லைதான், ஆனால் அந்தக் கொந்தளிப்பில் எத்தனை பேர் போயிருப்பார்கள்? அது ஐஸ் பெட்டியில் பல நாள் குடியிருந்த மீன்.

மறுநாள் திங்கட்கிழமை. அதே போன்காரர் ஏற்கெனவே பேசி வைத்திருந்த கார், 3,200 ரூபாய். திற்பரப்பு அருவி, பத்மநாபபுரம் அரண்மனை, சுசீந்திரம். திற்பரப்பில் வெள்ளம், குளிக்கத் தடை. அடுத்து அரண்மனை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பூட்டிக் கிடந்தது. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள்தோறும் விடுமுறை. அங்கே நிரந்தரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஊரிலேயே வண்டி ஓட்டுகிறவர், "இன்னைக்கு லீவா? தெரியாமப் போச்சே சார்" என்கிறார்.

இதுவரைக்கும் எல்லாம் பணத்தோடு போனது. அடுத்து நடந்ததற்காகத்தான் முக்கியமாக இந்தப் பதிவு. அரண்மனை பார்க்க முடியாமல் போனதற்குப் பதிலாகக் கணபதிபுரம் லெமூர் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன், ஐந்நூறு மட்டும் சேர்த்துக் கொடுங்கள், "அங்க நல்லாக் குளிக்கலாம்" என்றார். பெயரைக் கேட்டதும் மனைவிக்கு நினைவு வந்துவிட்டது. 2024 மே 6 அன்று பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போன இடம் அது. மீனவர்கள் கள்ளக்கடல் என்று சொல்வார்கள். தெற்கே வெகு தொலைவில் இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய அலை, இங்கே காற்றும் மழையும் இல்லாத நாளில்கூட, திருடன் மாதிரிச் சத்தமில்லாமல் கரையேறும். ஹைதராபாத்தில் இருக்கிற பெருங்கடல் தகவல் மையம் இதற்காகவே முன்னெச்சரிக்கை கொடுக்கிறது. மனைவி இதைச் சொன்னதும் டிரைவர், "அதெல்லாம் அன்னைக்கு ஒரு நாள்தான்மா" என்றார். அம்மா பின்சீட்டிலிருந்து, "தம்பி, வண்டியைத் திருப்புங்க" என்றார். திருப்பினார். மாலை வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சுசீந்திரம் கோயில் மட்டும் நிம்மதியாகப் பார்த்தோம்.

ஊர் திரும்பியதும் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். ரசீது இருக்கிறதா என்று கேட்டார்கள். என்னிடம் இருப்பது ஒரு ஸ்கிரீன்ஷாட், அதில் ஒரு தனி ஆளின் பெயர். பணம் இன்னும் வரவில்லை. வரும் என்று நானும் காத்திருக்கவில்லை.

போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. காற்று நன்றாக இருந்தது. பகவதி அம்மன் கோயிலில் அம்மா ஆசை தீர நின்று கும்பிட்டார். ஆனால் இந்த மாதங்களில் ரூமை நேரில் பார்த்து, குழாயைத் திறந்து பார்த்து, அப்புறம் பணம் கொடுங்கள். முன்பணம் கட்டியே ஆக வேண்டுமென்றால் ஓட்டலின் எண்ணை நீங்களே தேடிப் பிடித்து, இன்று லிஃப்ட் ஓடுகிறதா, வேலை ஏதும் நடக்கிறதா என்று கேளுங்கள். படகு விடுகிறார்களா என்பதை அன்று காலையில் விசாரித்துக்கொள்ளுங்கள். காரை நீங்களே பேசுங்கள்.

அந்தப் போன் எண் இப்போது ஸ்விட்ச் ஆஃப். நேற்று வேறொரு எண்ணிலிருந்து என் மனைவிக்கு ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. அதே பால்கனிப் படம். "ஆடி அமாவாசை சிறப்புச் சலுகை, உதயமும் அஸ்தமனமும் உங்கள் அறையிலிருந்தே, முழுத் தொகை முன்பதிவுக்கு மட்டும்."