ஓஸ்லோவிலிருந்து பெர்கன் வரை: வாடகைக் காரா, ரயிலும் படகுமா?

நார்வேக்கு முதல்முறை போகிறவர்களில் பெரும்பாலோர் ஓஸ்லோவில் இறங்கி, மேற்கே ஃபியோர்டுகளைப் பார்த்துக்கொண்டே பெர்கன் போய்ச் சேரத் திட்டமிடுவார்கள். ஃபியோர்டு என்பது செங்குத்து மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீண்டு புகுந்திருக்கும் கடல். இந்தப் பாதைக்கு ரயிலும் படகும்தான் சரி, கார் வேண்டாம் என்பது என் முடிவு. கார் வேண்டிய இடங்கள் நார்வேயில் உண்டு, ஆனால் அவை வேறு பக்கம்.

நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சாலை வழி சுமார் 465 கி.மீ. ஊருக்கு வெளியே பொது வேக வரம்பு 80 கி.மீ. என்பதால் ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. ரயிலுக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். நாலு பேர் ஒரு காரில் போனால் தலைக்குச் செலவு குறையும். ஒருவர் இருவர் என்றால், பல வாரம் முன்பே வாங்கிய ரயில் சீட்டு மலிவு. ஓஸ்லோவில் எடுத்த காரைப் பெர்கனில் விட்டால் ஆயிரக்கணக்கான குரோனர் (நார்வே நாணயம்) தனிக் கட்டணம் விழும். வாடகை விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது செலவு அல்ல. காரை எங்கே நிறுத்தினீர்களோ, அங்கேயே திரும்பி வந்தாக வேண்டும். இந்தப் பாதையின் சிறந்த பகுதிகள் எல்லாம் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்குபவை.

ஃபியோர்டுக் கரை ஊரான ஃப்ளாமிலிருந்து இன்னொரு கரை ஊரான குட்வாங்கனுக்குப் போகும் படகையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரப் பயணம். நேரோய் ஃபியோர்டு வழியாகப் போகிறது. அதன் குறுகலான இடத்தில் அகலம் 250 மீட்டர்தான். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். இந்தப் படகில் கார் ஏறாது. கார் ஃப்ளாமில் நிற்க, நீங்கள் குட்வாங்கனில் இறங்கி, பேருந்தில் இருபது நிமிடம் திரும்பி வர வேண்டும். அந்த இருபது கிலோமீட்டரில் 11.4 கி.மீ. ஒரு சுரங்கம், 5 கி.மீ. இன்னொன்று. ரயில் பயணி அதே படகில் இறங்கி, அதே இடத்தில், பெர்கன் ரயில் தடத்தில் இருக்கும் வொஸ் ஊருக்குப் போகும் பேருந்தில் ஏறி, மேலே போய்க்கொண்டே இருப்பார்.

ஃப்ளாம் மலை ரயிலிலும் இதே கதைதான். ஓஸ்லோ–பெர்கன் தடத்தில் சுமார் 866 மீட்டர் உயரத்தில் இருக்கும் மிர்டால் நிலையத்திலிருந்து கடல் மட்டத்துக்கு 20 கி.மீ.யில் இறங்குகிறது. பெரும்பகுதி தூரம் 18 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு. மிர்டாலுக்குக் கார் போகும் சாலையே இல்லை. அதனால் காரில் வருபவர் கீழிருந்து ஏறி, அதே தடத்தில் இறங்க வேண்டும். போகவும் வரவும் சீட்டு, இரண்டு மணி நேரம். ஓஸ்லோ ரயிலில் வருபவருக்கு அது வழியிலேயே அமைந்துவிடுகிறது. 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபின்சே நிலையத்துக்கும் சாலை கிடையாது. கோடையிலும் பனித்திட்டுகள் தெரியும் அந்த மேட்டுநிலம் ரயில் சன்னலில் மட்டுமே கிடைக்கும்.

காரில் இ16 சாலையைப் பிடித்தால் லேர்டால் சுரங்கம்: 24.5 கி.மீ., உலகின் மிக நீளமான சாலைச் சுரங்கம். இருபது நிமிடத்துக்குப் பாறைதான் காட்சி. ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்தைக் கடக்கும் 7-ஆம் எண் சாலை மட்டும் விதிவிலக்கு. அது திறந்த வெளி, அழகானது.

ஒரே நாளில் முடிக்க நினைத்தால் வரிசை இது: காலையில் ஓஸ்லோ ரயில், மிர்டாலில் மாறி ஃப்ளாம், படகில் குட்வாங்கன், பேருந்தில் வொஸ், அங்கிருந்து ரயிலில் பெர்கன். இரவாகிவிடும். ஃப்ளாமிலோ பக்கத்து ஆவுர்லாண்டிலோ ஒரு இரவு தங்குவது நல்லது. நடுப்பகலில் உல்லாசக் கப்பல்களால் நெரியும் ஃப்ளாம், சாயங்காலத்தில் அடங்கிவிடும்.

இதில் தவறக்கூடியவையும் உண்டு. ஜூலையில் ஃப்ளாம் ரயிலில் இடம் தீர்ந்துவிடும். முதலில் அதையும் படகையும் பதிவு செய்துவிட்டு மற்றதைப் பொருத்துங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிச் சீட்டு வாங்கினால், ஒன்று தாமதமாகி அடுத்ததைத் தவறவிடும்போது நட்டம் உங்களுடையது. மாறும் இடங்களில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கோடையில் பெர்கன் தடத்தில் பராமரிப்பு வேலை நடக்கும் நாட்களில் மாற்றுப் பேருந்து விடுவார்கள். அது மிர்டால் போகாது, போகச் சாலை இல்லையே. தேதியை உறுதிசெய்யும் முன் நார்வே ரயில், பேருந்து நேரங்களைக் காட்டும் என்டூர் செயலியில் அந்த நாளைப் போட்டுப் பாருங்கள். பெரிய பெட்டி வேண்டாம். நாலு முறை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும்.

கார்தான் என்று முடிவெடுத்தவர்களுக்குச் சில. பகலிலும் முகப்பு விளக்கு கட்டாயம். பலகை இல்லாத சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். நம்மைப் போல் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் ரவுண்டானாவில்தான் தடுமாறுவார்கள்: அங்கே இடப்பக்கம் பார்த்து நுழைய வேண்டும். சுங்கச் சாவடி கிடையாது, கேமரா எண்பலகையைப் படித்துவிடும்; கட்டணம் பிறகு வாடகை நிறுவனம் வழியாக வரும். சில இடங்களில் இரண்டு கேமராக்களுக்கு இடையே சராசரி வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். அபராதம் கடுமை. பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர்களுக்குக் குளிர்காலத்தில் மலைப்பாதைகளைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கார் உண்மையிலேயே ஜெயிப்பது லோஃபோட்டன் தீவுகளிலும் கெய்ராங்கர் ஃபியோர்டுப் பக்கமும். லோஃபோட்டனில் பேருந்து குறைவு, நல்ல கடற்கரைகள் கிளைச்சாலைகளில். கெய்ராங்கருக்கு ஓஸ்லோவிலிருந்தே கார் எடுக்க வேண்டாம். ஓஸ்லோவிலிருந்து ரயிலில் வந்து டோம்போஸில் மாறி, 114 கி.மீ. ரவுமா தடத்தில் ஓண்டால்ஸ்னெஸ் வரை ரயிலில் போய், அங்கே இரண்டு நாளுக்கு மட்டும் கார் எடுங்கள். 11 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ட்ரோல்ஸ்டீகன் மலைச்சாலையில் ஏறி, லிங்கே–எய்ட்ஸ்டால் கார்ப் படகில் பத்து நிமிடம் கடந்தால் கெய்ராங்கர் பக்கம். ட்ரோல்ஸ்டீகன் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும், பாறை சரிந்தால் கோடையிலும் மூடுவார்கள். புறப்படும் காலையில் நார்வே சாலைத் துறையின் வரைபடத்தைப் பாருங்கள். காரை ஓண்டால்ஸ்னெஸிலேயே திருப்பிக் கொடுத்தால் அந்தத் தனிக் கட்டணமும் இல்லை.