தண்டையார்பேட்டை ஞாயிறு செய்தி வகுப்பு: காசு கட்டிப் போகலாமா?

வடசென்னையில் தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான், ஒரு டியூஷன் சென்டரின் இரண்டாவது மாடி. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டரை வரை நடக்கிறது, கட்டணம் மாதம் 500 ரூபாய். நாளிதழில் பல வருஷம் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நடத்துகிறார். செய்தி எப்படித் தயாராகிறது, வாசகர் அதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதுதான் பாடம். சர்டிபிகேட் கிடையாது, கேமரா, மைக் எதுவும் சொல்லித் தருவதில்லை, அதனால் நிருபர் வேலைக்குத் தயாராகிறவர்கள் வேறு இடம் பார்க்கலாம். ஆனால் எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும், இந்தப் பக்கம் வியாசர்பாடி வரைக்கும் குடியிருக்கிற நம்ம ஆட்கள் ஒரு மாதமாவது உட்கார்ந்து கேட்க வேண்டிய வகுப்பு இது. நம்மைப் பற்றி வருகிற செய்திகள் ஏன் இப்படி வருகின்றன என்று இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முதல் வகுப்பு அரிச்சுவடி மாதிரி. அன்றைய பேப்பர்களைத் தரையில் விரித்துப் போட்டு, நிருபர் பெயர் வந்தால் பைலைன், 'சென்னை, டிச. 27' என்று ஊரும் தேதியும் போட்டு ஆரம்பித்தால் டேட்லைன், பத்திரிகையின் சொந்தக் கருத்து தலையங்கம், முதல் பக்கத்தை அப்படியே மூடிக்கொண்டு வருவது ஜாக்கெட் விளம்பரம் என்று விரலை வைத்துக் காட்டுகிறார். செய்தி மாதிரியே எழுதி மூலையில் பொடி எழுத்தில் விளம்பரம் என்று போட்டிருப்பதையும் தேட வைத்தார், கண்ணாடி இருந்தும் பாதிப் பேருக்குக் கிடைக்கவில்லை. பிடிஐ, அதாவது பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா, என்று போட்டிருந்தால் அது பேப்பர்களுக்குச் செய்தி கொடுக்கிற அந்த நிறுவனம் அனுப்பியது, பல பேப்பர்களில் அதே வரிகள்தான் இருக்கும். அந்த பிடிஐ 1947-இல் நம்ம மெட்ராஸில்தான் பதிவானது என்று சார் சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்புறம் வந்தது தலைகீழ் பிரமிடு. முக்கியமானதை முதல் பாராவில் சொல்லிவிட்டு, மற்றதைப் படிப்படியாகக் கீழே அடுக்குவது, பக்கத்தில் இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டிக்கொள்ளலாம் என்பதற்காக. இதை போர்டில் படம் போட்டு முடித்திருக்கலாம், சார் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்ததே, அந்தச் செய்தியின் நகல் ஒன்றை ஆளுக்கொன்று கொடுத்தார், பேப்பரின் பெயரை மறைத்திருந்தார். 'அடியிலிருந்து ஒவ்வொரு பாராவாக வெட்டுங்க, செய்தி நிற்குதான்னு பாருங்க' என்றார். வெட்ட வெட்ட நிற்கத்தான் செய்தது. எங்கே, எப்போது, எத்தனை பேர் மருத்துவமனையில், அதிகாரிகள் என்ன சொன்னார்கள் எல்லாம் மேலேயே இருந்தது. முதலில் கீழே விழுந்த துண்டை எடுத்துப் படித்தால், நடுராத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒரு அம்மா பேசியது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல, எழுதும் முறையே அப்படி, ஆனால் வெட்டுப்படுவது எப்போதும் நம்ம ஜனங்களின் பேச்சாகவே இருந்தால் அந்த முறையைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டாமா? சார் அதற்கு மழுப்பாமல் பதில் சொன்னார்: நல்ல நிருபர் அந்த அம்மாவை இரண்டாவது பாராவிலேயே கொண்டுவந்துவிடுவார், அதைச் செய்ய வைப்பது டெஸ்க்கில், அதாவது ஆபீஸில் உட்கார்ந்து செய்தியைத் திருத்துகிறவர் பொறுப்பு.

இந்த வகுப்பின் உயிர் மூன்றாவது வாரம். ஒரு கிரைம் செய்தியைக் கொடுத்து, ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் 'யார் சொன்னது?' என்று சிவப்புப் பென்சிலில் எழுதச் சொன்னார். கூறப்படுகிறது, தெரிகிறது, வட்டாரங்கள் தெரிவித்தன என்று வந்த இடத்திலெல்லாம் பென்சில் நின்றுவிட்டது. கடைசியில் பார்த்தால் முழுச் செய்தியும் போலீஸ் பிரஸ் நோட் ஒன்றிலிருந்து வந்தது, கைதான பையனின் வீட்டாரிடமோ வக்கீலிடமோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைதான அன்றைக்கு ஒருவன் குற்றம் சாட்டப்பட்டவன், அவ்வளவுதான், கோர்ட் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் குற்றவாளி. தலைப்பில் இடமில்லை என்று இதைச் சுருக்குகிறார்களே, அதனால் வேலைக்குப் போன இடத்தில் ஏரியா பேரைக் கேட்டே முகம் மாறுவதை அனுபவித்தவர்கள் அந்த அறையில் நிறையப் பேர் இருந்தார்கள். விடுதலையானால் அந்தச் செய்தி வருவதேயில்லை என்று ஒருவர் சொன்னார். அதுதான் ஃபாலோ அப், ஒரு செய்தியை விடாமல் தொடர்ந்து எழுதுவது என்று சார் பிடித்துக்கொண்டார். மறுபடி எழுத ஏதாவது ஒரு பிடி வேண்டும், விசாரணைத் தேதி, அறிக்கை, ஓராண்டு நிறைவு மாதிரி. அமோனியா விஷயத்தைச் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து எடுத்தது, அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதும் தீர்ப்பாயத்துக்குப் போனது. இந்த மாதிரி விஷயங்களில் அடுத்த விசாரணைத் தேதியைக் குறித்து வைத்து, ஏரியா நிருபருக்கு முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லுங்கள் என்றார். இது ஒன்றுக்கே 500 ரூபாய் தகும்.

காசிமேட்டிலிருந்து வருகிற மீன் வியாபாரி அக்கா ஒருவர் கேட்டதையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், ஒவ்வொரு வருஷமும் விலை ஏறியது என்று செய்தி வருகிறது. 'எந்த மீன், எந்த நேரத்து ஏலம்னு கேட்காமலே போடுறாங்களே சார்.' சார் அதையே வீட்டுப்பாடமாக்கி, என்ன, யார், எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று ஆறு கேள்வியும் கேட்டு அக்காவையே முதல் பாரா எழுதி வரச் சொன்னார். அடுத்த வாரம் அவர் எழுதி வந்தது, வஞ்சிரமும் நாட்டுப்படகும் விடிகாலை ஏலமுமாக, நான் இதுவரை படித்த தடைக்காலச் செய்திகளைவிட நன்றாக இருந்தது.

தப்புச் செய்தி வந்தால் என்ன செய்வது என்பதையும் சுருக்கமாக, ஆனால் உருப்படியாகச் சொன்னார். கடைசிப் பக்கத்து அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் பெயர் இருக்கும். 1867-ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவுச் சட்டம் கட்டாயமாக்கியது அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச்சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும், சரிப்படாவிட்டால் பிரஸ் கவுன்சில். அந்தக் கவுன்சிலால் அபராதம் போட முடியாது, கண்டிக்கத்தான் முடியும், டிவி அதன் வரம்பில் வராது.

குறைகளும் உண்டு. டிவி, யூடியூப் பக்கம் பாடம் ரொம்ப மெலிசு. பிரேக்கிங், திரைக்கு அடியில் ஓடுகிற ஸ்க்ரோல், ஒருவர் பேசியதில் எடுத்த துண்டான பைட் என்று ஒரே ஞாயிறில் ஓடிவிட்டார், நம்ம பிள்ளைகள் செய்தி பார்ப்பதே போனில்தான் என்னும்போது இது போதவே போதாது. ஃபார்வர்டு செய்தியை எப்படிச் சரிபார்ப்பது என்று தனியாக ஒரு வகுப்பு கட்டாயம் வேண்டும். நோட்ஸ் ஜெராக்ஸ் பல இடத்தில் மங்கல். லிப்ட் இல்லை, முட்டி வலிக்காரர்களுக்கு அந்தப் படி கஷ்டம், கீழ்த்தளத்தில் நடத்தக் கேட்டிருக்கிறோம்.

சேருகிறவர்கள் பணம் கட்டும்முன் ஒரு ஞாயிறு சும்மா உட்கார்ந்து பார்க்கலாம், அதற்குக் காசு வாங்குவதில்லை. காலைப் பேப்பர் ஒன்றும் முந்தின நாள் மாலைப் பேப்பர் ஒன்றும் கையோடு கொண்டு போங்கள், பென்சில் அங்கேயே தருவார்கள்.