பெரியம்மாவின் ரேகையும் தம்பியின் சம்பளமும்

பொங்கலுக்கு நியூஜெர்சியிலிருந்து பாலக்கோடு போயிருந்தேன். அதில் ஒரு முழு நாள் தருமபுரி கலெக்டர் ஆபீசில் கழிந்தது. பெரியம்மாவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்கணும். இத்தனை நாள் அவர் மகன், அதாவது என் தம்பியின் இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) இருந்தார், அது போகப்போகிறது.

பெரியம்மாவுக்கு ரேஷன் கார்டு தனி, வி.ஏ.ஓ. கொடுத்த வருமானச் சான்றும் கையில் இருந்தது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும். ரேகைதான் விழவில்லை. முப்பது வருஷம் புளி தட்டிக் கொட்டை எடுத்த கை. விரல் நுனியெல்லாம் கண்ணாடி மாதிரி தேய்ந்து கிடந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் சலிக்காமல் ஈரத்துணி கொடுத்து, "இன்னொருக்கா அழுத்துங்க பாட்டி" என்றாள். ஏழாவது விரலில் பதிந்தது.

குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை, பிரீமியம் அரசாங்கம் கட்டுகிறது. நான் அமெரிக்காவில் மாசாமாசம் பிரீமியமும் கட்டி, டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்டவேண்டிய தொகை) தாண்டும்வரை கைக்காசும் போடுகிறவன்; கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. பக்கத்து வீட்டு மாமாவுக்கு இந்த அட்டையில்தான் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆனால் அந்தத் தனியார் ஆஸ்பத்திரி, "அட்டையில வராத சாமான்" என்று ரசீதே இல்லாமல் 15,000 வாங்கியிருக்கிறது. பிரஷர் மாத்திரைக்கு அட்டை எதற்கு, அது மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள்.

மாட்டிக்கொண்டது தம்பி. ஓசூர் கம்பெனியில் போன ஜூலையில் மாசச் சம்பளம் 20,000-லிருந்து 21,800 ஆனது. இ.எஸ்.ஐ.க்குச் சம்பள வரம்பு 21,000. செப்டம்பரோடு பிடித்தம் நின்றது. சிகிச்சை ஜூன் வரைதான். முதலமைச்சர் அட்டைக்கோ வருமானம் அதிகம். நாலு பேருக்குத் தனியார் பாலிசி வருஷம் 19,000 என்றார் ஏஜென்ட். ஏறின சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே சரி. "ஏறாமலே இருந்திருக்கலாம்ணா" என்றான்.

2025 செப்டம்பர் 22 முதல் பிரீமியத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை என்பது ஆறுதல். ஆனால் தம்பி மனைவிக்குச் சர்க்கரை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தராமல் காப்பீட்டுக் கம்பெனி 3 வருஷம் வரை காக்க வைக்கலாம்; 2024-க்கு முன்பு அது 4. அமெரிக்காவில் 2014-லிருந்து அந்தக் காத்திருப்பே கிடையாது.

படிவத்தில் சர்க்கரை நோய் கேள்விக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "இருக்குன்னே போடுப்பா. மறைச்சா கிளெய்ம் அன்னைக்குத் தோண்டி எடுப்பாங்க" என்றேன். டிக் அடித்தான்.