ஹாலஜனா, எல்இடியா? வீட்டு ஹாலுக்கு எந்த வெளிச்சம்?

2010-இல் எங்கள் வீட்டு ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டபோது அதில் ஆறு ஹாலஜன் விளக்குகளைப் பதித்தோம். ஒவ்வொன்றும் 50 வாட். மாலையில் விளக்கைப் போட்டதும் சுவரில் இருந்த தஞ்சாவூர் ஓவியத்தின் தங்க ரேக்கு பளபளக்கும். கிருஷ்ணனின் பின்னால் இருக்கும் அரக்குச் சிவப்புத் திரை ஆழமாகத் தெரியும். ஆறு ஆண்டுகள் கழித்து அவற்றைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினேன். அன்று மாலை அந்தச் சிவப்பு பழுப்பாகிவிட்டது, தங்கம் வெளிறிவிட்டது. "ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது" என்றார் அம்மா.

அவர் சொன்னது சரி. ஆனாலும் நான் ஹாலஜனுக்குத் திரும்பவில்லை. இரண்டையும் வாழ்ந்து பார்த்தவன் என்ற முறையில் காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் மின்சாரக் கணக்கு. ஆறு ஹாலஜன் சேர்ந்து 300 வாட். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் ஒன்றரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். அதே வெளிச்சத்தைத் தரும் 7 வாட் எல்இடி ஆறுக்கு அதே காலத்தில் 13 யூனிட் கூட ஆகாது. தமிழ்நாட்டில் இந்த வித்தியாசத்தை வெறும் 77 யூனிட்டின் விலையாக மட்டும் பார்க்கக் கூடாது. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் மின்கட்டணத்தின் கீழ்நிலைப் படிகளில் கிடைக்கும் சலுகையில் ஒரு பகுதியும் கைவிட்டுப் போகிறது. கோடையில் ஏ.சி. ஓடும் வீட்டில் அந்தக் கோட்டைத் தாண்டுவதும் தாண்டாததும் ஹால் விளக்கைப் பொறுத்தே அமையலாம்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். 2012-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது எங்கள் எலக்ட்ரீஷியன் ஹாலஜன் இணைப்பை இன்வெர்ட்டரில் சேர்க்கவே மறுத்துவிட்டார். மின்சாரம் போனால் ஹாலில் ஒரே ஒரு சி.எஃப்.எல். மட்டும் எரியும். இப்போது ஆறு விளக்கும் எரிகின்றன. மின்விசிறிகளோடு ஒப்பிட்டால் அவை பேட்டரியிலிருந்து எடுப்பது குறைவு.

ஹாலஜன் ஏன் இவ்வளவு மின்சாரம் தின்கிறது? அடிப்படையில் அது குண்டு பல்புதான். டங்ஸ்டன் இழையைப் பழுக்கக் காய்ச்சி ஒளி எடுக்கிறோம். ஆவியாகும் டங்ஸ்டன், உள்ளே இருக்கும் அயோடின் அல்லது புரோமினோடு சேர்ந்து மீண்டும் இழைக்கே வந்து படிவதால் கண்ணாடி கறுப்பதில்லை. இழையை இன்னும் அதிகமாகச் சூடேற்றவும் முடிகிறது. இந்தச் சுழற்சி நடக்க குவார்ட்ஸ் குப்பியின் சுவர் 250 டிகிரிக்கு மேல் இருந்தாக வேண்டும். அதாவது ஹாலஜனில் சூடு என்பது சரிசெய்யக்கூடிய குறை அன்று. அது வேலை செய்யும் முறையே சூடுதான். ஐரோப்பாவின் குளிர் வீடுகளில் அந்தச் சூடு ஓரளவு உதவியிருக்கும். அங்கேயே 2018 செப்டம்பரில் சாதாரண ஹாலஜன் பல்புகளைச் சந்தைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். சித்திரை மாதத்தில் மதுரையிலோ வேலூரிலோ தலைக்கு மேல் 300 வாட் அடுப்பை எரியவிட்டு, அந்தச் சூட்டை வெளியேற்ற ஏ.சி.யையும் ஓட்டுவது எனக்குப் பெரும் வீணாகப் படுகிறது.

ஆனால் நிறம் என்று வரும்போது ஹாலஜன் பக்கம் நிற்காமல் இருக்க முடியாது. சூடான இழையின் ஒளியில் எல்லா நிறங்களும் இடைவெளியின்றி இருக்கின்றன. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனை அளக்கும் சி.ஆர்.ஐ. என்ற எண்ணில் ஹாலஜன் 100-ஐத் தொடுகிறது. வெள்ளை எல்இடி அப்படிப் பிறப்பதில்லை. அதன் உள்ளே இருப்பது நீல ஒளி. அதன் மேல் பூசிய பாஸ்பர் என்ற ஒளிர்பொருள் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்இடியை உருவாக்கியதற்காகத்தான் 2014-இல் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. பாஸ்பர் மலிவானதாக இருந்தால் ஆழ்ந்த சிவப்பு விடுபட்டுப் போகும்.

இதில் வாங்குபவர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அட்டையில் சி.ஆர்.ஐ. 80 என்று போட்டிருந்தால் நல்ல மதிப்பெண் போலத் தோன்றும். அந்த எண் எட்டு மென்மையான நிறங்களின் சராசரி மட்டுமே. அடர்சிவப்பு அதில் சேர்வதே இல்லை. அதை ஆர்9 என்று தனியாக அளக்கிறார்கள். 80 வாங்கிய பல்பு ஆர்9-இல் பூஜ்யத்தை ஒட்டி நிற்கலாம். அரக்குச் சேலையும் குங்குமமும் தக்காளியும் மனித முகமும் உயிர் பெறுவது அந்தச் சிவப்பில்தான். எங்கள் ஓவியம் வெளிறியதில் பாதிப் பழி அதற்குத்தான்.

இன்னொரு பாதிப் பழி, ஒளி மஞ்சளா நீலமா என்று சொல்லும் கெல்வின் எண்ணைச் சேரும். ஹாலஜன் ஒளி 3000 கெல்வினை ஒட்டிய இளமஞ்சள். நம் ஊர்க் கடைகளில் எல்இடி என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்து நீட்டுவது 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. 'அதுதான் சார் பளிச்சென்று இருக்கும்' என்பார்கள். சமையல் மேடைக்கு அது போதும். உண்ணும் இடத்துக்கும் பூஜை அறைக்கும் இரவில் உட்கார்ந்து பேசும் ஹாலுக்கும் அது வேண்டாம். நான் இரண்டாம் முறை வாங்கியது 3000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90-க்கு மேல். விலை கூடுதல்தான், அந்தப் பணத்தை மனமார்ந்து கொடுத்தேன். ஓவியத்தின் சிவப்பு திரும்பி வந்தது. ஹாலஜனில் பார்த்த அதே சிவப்பு என்று சொல்ல மாட்டேன். அருகருகே வைத்தால் இன்றும் ஒரு நூலிழை வித்தியாசம் தெரியும். அந்த நூலிழைக்காக ஏழு மடங்கு மின்சாரம் செலவிட நான் தயாராக இல்லை.

ஆயுளில் ஒப்பீடே இல்லை. ஹாலஜன் சுமார் 2000 மணி நேரம். மின்னழுத்தம் ஐந்து சதவீதம் கூடினாலே அதிலும் ஏறக்குறைய பாதி போய்விடும். எல்இடிக்கு 15,000 மணி நேரத்துக்கு மேல் என்று அட்டையில் இருக்கும். அது ஒளி தரும் சில்லுக்குப் பொருந்தும் கணக்கு. உண்மையில் முதலில் சாவது உள்ளே இருக்கும் டிரைவர், அதாவது மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மின்சுற்று. காற்றோட்டம் இல்லாத மூடிய கிண்ணத்துக்குள் மாட்டினால் அதன் கெப்பாசிட்டர் வெந்து, இரண்டே ஆண்டில் பல்பு கண் சிமிட்டத் தொடங்கும். ஃபால்ஸ் சீலிங்கில் விளக்கின் பின்புறம் காற்று போக இடம் விடுங்கள்.

பழைய ஹாலஜன் குழிகளில் எல்இடி மாட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அடியில் இரண்டு ஊசி முனைகள் உள்ள சிறிய ஹாலஜன் பல்புகளில் பல 12 வோல்ட்டில் எரிபவை. கூரைக்குள் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒளிந்திருக்கும். மின்னணு வகை என்றால், அது ஒழுங்காக இயங்க 20 வாட்டாவது சுமை வேண்டும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். 7 வாட் எல்இடியை அதில் செருகினால் மினுமினுக்கும், அல்லது எரியாது. பல்பு மோசம் என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதில் பயனில்லை. டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு, தனக்கான டிரைவரோடு வரும் முழு எல்இடி விளக்கையே பொருத்திவிடுவது நல்லது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மர் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

கேக் சுடும் மின்சார ஓவனுக்குள் எரியும் பல்பை மட்டும் தொடாதீர்கள். அந்தச் சூட்டில் எல்இடி நிலைக்காது. அங்கே இழை விளக்குதான். அது ஹாலஜன் குப்பியாக இருந்தால் விரல் படாமல் துணியால் பிடித்து மாட்டுங்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் குவார்ட்ஸ் விரிசல் விடும்.

எல்இடி வாங்கக் கடைக்குப் போகும்போது அரக்கு நிற ரவிக்கைத் துணி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பல்புகளை எரியவிடச் சொல்லி, துணியை அடியில் விரித்துப் பாருங்கள். எந்தப் பல்பில் சிவப்பு செத்துப்போகிறது என்று உடனே தெரியும். பிறகு செல்பேசிக் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து விளக்கை நோக்கிப் பிடியுங்கள். திரையில் ஒளி விட்டுவிட்டுத் துடித்தால் அந்தப் பல்பு வேண்டாம். வீட்டில் சுழலும் மின்விசிறியின் இறக்கைகள் அதன் கீழே துண்டு துண்டாகத் தெரியும், படிப்பவருக்குத் தலை வலிக்கும்.